சல்லி விலை ரீல்

கடைக்காரர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு தூண்டில் ரீலையும் காதருகே கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறார் என் சகலை. கண்ணை வேறு மூடிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ வாத்தியம் வாங்க வந்தவர் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்குகிறார்கள். கண்ணாடி அலமாரியில் இருக்கும் விலை கூடிய ரீல்கள் அத்தனையையும் இறக்கச் சொல்லி, சுற்றி, ஆட்டி, "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, கடைசியில் வாசலோரப் பிளாஸ்டிக் கூடையில் குவிந்து கிடப்பவற்றில் ஒன்றைக் கையை விட்டு எடுப்பார். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

"பேரு போட்ட சாமானுக்குப் பேருக்குத்தான் காசு, சகல. உள்ள பிரிச்சுப் பாரு. அதே பல்சக்கரம், அதே ஸ்பிரிங்."

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். லிஃப்ட் மெக்கானிக். கட்டை குட்டையான உடம்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர். நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் எந்தச் சோப்புக்கும் அசையாது. விருந்துக்குப் போன இடத்திலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார். ஆனால் லீவு நாளில் லிஃப்டில் காலே வைக்கமாட்டார். "ஏறுனா காது சும்மா இருக்காது" என்று எங்கள் ஐந்தாவது மாடிக்குப் படியேறி வந்து, பேச மூச்சில்லாமல், தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டுவார். போகும்போதும் படிதான்.

இந்த மனிதர் வேலை செய்யும் இடத்தில் எப்படி இருப்பார் என்று ஒரு நாள் பார்த்தேன். மலிவாக ஒரு பெல்ட் போட்டு ஒப்பேற்றச் சொன்ன கட்டட மேனேஜரைப் படியில் உட்கார வைத்து அரைமணி நேரம் அறுத்துவிட்டார். ஒரிஜினல் பெல்ட் வரும்வரை சுவிட்சையே போடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வரும் வழியில் நான் சும்மா இருக்காமல், "ரீலுக்கு மட்டும் கூடையா அண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"லிஃப்ட்ல மனுஷன் ஏறுறான். ரீல்ல மீனுதானே ஏறுது?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? இருந்தால் யாராவது எழுதி அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் துறைமுகத்தின் கல்சுவரில் தூண்டில் போடுவோம். சகலை, நான், எங்கள் மாமனார். என்னிடம் இருப்பது நல்ல ரீல். சுற்றினால் சத்தமே வராது; பெரிய மீன் இழுத்தால் தூண்டில் நரம்பை அளவாக விட்டுக்கொடுத்து, பிறகு பிடித்துக்கொள்ளும். அதை வாங்கியது ஏதோ நான் செய்த குற்றம்போலவே இன்றுவரை பேசப்படுகிறது. சுவரில் நடை பழக வருபவர்களையெல்லாம் சகலை கூப்பிட்டு, "சார் ரீலைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, மூச்சுக்காத்து படக்கூடாது" என்பார். நான் வெறுங்கையோடு திரும்பும் நாளில் சொல்லவே வேண்டாம். "மீனுக்கு விலை தெரியாது, சகல" என்பதை மட்டும் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

மீனைப் பாதி இழுக்கும்போதே அவருடைய ரீலில் சக்கரப் பல் உடையும். ஸ்பிரிங் தெறித்துக் கடலுக்குள் போகும். அதற்கும் சிரிப்புதான், "இன்னொண்ணு வாங்கிட்டாப் போச்சு." அவர் வீட்டில் பீரோவைத் திறந்தால் செத்துப்போன ரீல்கள் தலையில் விழுகின்றன என்று அவர் மனைவி என் மனைவியிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே எரிச்சல்படக்கூடிய சங்கதிகள். மாமனார் விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

மாமனார் வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்தவர். சென்ற வருடம் பக்கவாதம் வந்து பிழைத்து எழுந்தார். வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இருப்பதும் போய்விடும் என்று பிசியோதெரபி செய்ய வரும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் மனிதர் தூக்கி எறிந்தார். தூண்டில் என்றால் எழுந்து உட்கார்ந்தார். சரி என்று சுவருக்குக் கூட்டிப்போனோம். சகலை கூடையில் எடுத்த ரீல் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். வீசியதுமே மீன் கொத்தியது. ரீல் கறகறவென்று இறுகி நின்றது, கை சுற்ற முடியாமல் நடுங்கியது, மீன் போய்விட்டது. மாமனார் கம்பை மெல்லக் கீழே வைத்தார்.

"போதும் மாப்ள. இனிமே நீங்க புடிங்க, நான் வேடிக்கை பாக்குறேன்."

அடுத்த வாரம் வேடிக்கை பார்க்கவும் வரவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். என் ரீலை வீட்டுக்கே கொண்டுபோய் நீட்டினேன். தொடக்கூட மாட்டேன் என்றார். "உங்க காஸ்ட்லி சாமான இந்தக் கை கீழ போட்டுரும், மாப்ள. அப்புறம் எனக்குத் தூக்கம் வராது." வாழ்க்கை முழுக்க செகண்ட் ஹேண்ட் டயர் போட்டு வண்டி ஓட்டியவர். விலையைச் சொன்னாலே அவருக்குக் கை கூசும்.

நேரே சகலையிடம் போனேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவருக்கென்றே நல்ல ரீலாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம், எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். சகலை ஸ்க்ரூடிரைவரால் காதைக் குடைந்துகொண்டே, "ரீல்ல என்ன இருக்கு? கைல இருக்கு" என்றார்.

கையில் இல்லை என்பதுதானே பிரச்சினை! வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வந்துவிட்டேன். இரண்டு ஞாயிறு அவரோடு பேச்சில்லை.

மூன்றாவது ஞாயிறு போனால், சுவரில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சகலை. மாமனார் கையில் கம்பு, கம்பில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ரீல். "கூடைலதான் கெடந்துச்சு மாமா. சல்லி விலை. உடைஞ்சா உடையட்டும், கடல்ல வீசிரலாம்" என்று சகலை அளந்துகொண்டிருந்தார். மாமனார் பயமில்லாமல் சுற்றினார். அந்தக் கை சுற்றியது. நின்று, இளைப்பாறி, மறுபடி சுற்றியது. ரீலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் இல்லாததுதான் என்னை இழுத்தது. குனிந்து பார்த்தேன். என்னுடைய ரீலின் ரகமேதான்; இல்லை, அதற்கும் ஒரு படி மேலே. கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, லிஃப்ட் மோட்டாருக்கு அடிக்கும் சாம்பல் பெயிண்டைப் பூசியிருந்தார் பாவி மனிதர். பூச்சும் லட்சணமாக இல்லை. பிரஷ் மயிர் ஒன்று அப்படியே ஒட்டிக் காய்ந்திருந்தது. அவ்வளவு அருமையான சாமானை இப்படிப் பாழாக்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வராது. பெட்டியைப் பிரித்த கையோடு விலையைச் சொல்லியிருப்பேன்.

"அண்ணே, இது..." என்று ஆரம்பித்தேன். என் காலை ஒரு செருப்பு நன்றாக மிதித்தது.

அதற்குள் மாமனாருக்கு மீன் கொத்திவிட்டது. கை நடுங்கியபோதெல்லாம் ரீல் நரம்பை விட்டுக்கொடுத்தது. கை தேறியதும் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை அளவு மீன் மேலே வந்தது. மாமனார் சின்னப் பிள்ளைபோல் அதைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் போகவில்லை.

"பாத்தீங்களா சின்ன மாப்ள? பெரிய மாப்ள சொன்னதுதான் சரி. சல்லி ரீல்! இனிமேலாவது காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீங்க."

நிஜ விலையைச் சொன்னால் அடுத்த நிமிடமே ரீலைக் கழற்றித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா மாமா" என்றேன். அவர் பத்திரிகைப் பக்கம் போகிறவரில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

சகலை இத்தோடு விட்டாரா? சுவரில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சல்லி விலை ரீலின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தார். அவரை அப்படியே கடலில் தள்ளிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சொந்தக் கம்பு வளைந்தது. பேச்சை நிறுத்தாமலே எட்டிப் பிடித்துக் கூடை ரீலைச் சுற்றினார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. மாமனார் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கைப்பிடியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நரம்பை உள்ளங்கையில் சுற்றிச் சுற்றி இழுக்க ஆரம்பித்தார்.