சோற்றை விட்ட கிறேன் ஒப்பரேட்டர்

1. கிராப் நிற்கவில்லை

திருகோணமலையில் ஒரு தனியார் ஜெட்டியில் கோதுமைக் கப்பல் இறக்கும் வேலைக்கு நான் ஃபோர்மனாக இருந்தேன். கப்பலின் ஆழமான களஞ்சியத்தை ஹட்ச் என்போம். ஆட்கள் அதற்குள் இறங்கி, மூலைகளில் ஒதுங்கிய கோதுமையை நடுவுக்குத் தள்ளுவார்கள். கிறேனில் தொங்கும் கிராப் என்ற இரும்பு வாய் அதை அள்ளிக்கொண்டு மேலே போகும். மேலே கண்ணாடி அறையில் இருக்கும் ஒப்பரேட்டருக்கு அந்த மூலைகள் தெரியாது. ஹட்சின் விளிம்பில் நின்று நான் வோக்கி டோக்கியில் சொல்வதை வைத்துத்தான் அவர் இறக்குவார்.

ஒருநாள் காலை "நிப்பாட்டுங்கோ" என்றேன். கிராப் நிற்கவில்லை. மறுபடியும் கத்தினேன். கீழே நின்றவர்கள் இரும்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கிராப் அவர்களுக்கு முன்னால் கோதுமையில் குத்தி நின்றது. யாருக்கும் காயமில்லை. பதில் பிந்தித்தான் வந்தது.

"என்ன அண்ணன், கூப்பிட்டீங்களா?"

நித்திரையிலிருந்து எழும்பியவரின் குரல் அது. பேசியவர் ரசீன், குறிஞ்சாக்கேணி ஆள். எங்கள் ஒப்பரேட்டர்களில் அவரைப் போல நிதானமான கை வேறு யாருக்கும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு இது எப்படி நேர்ந்தது என்பதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

2. ஊதிப் பார்த்தது

மனேஜர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருக்கிறானா?" ரசீன் அந்தப் பக்கமே போகாத மனிதர். என்றாலும் குடியைக் காட்டும் கருவியில் ஊதச் சொன்னார்கள். முகம் கறுக்க ஊதினார். கருவி ஒன்றும் காட்டவில்லை.

"பிறகென்ன, ஆளைக் கிறேனில ஏத்துங்கோ. கப்பல் நிக்குது" என்றார் மனேஜர்.

நான் ஏற்றவில்லை. ரசீனின் கண்கள் சிவந்து, இமைகள் வீங்கியிருந்தன. சேர்ட் தொளதொளவென்று தொங்கியது. அவருடைய பிளாஸ்க்கைத் திறந்து மணந்து பார்த்தேன். சீனி போடாத கடுங்கோப்பி. மருந்துக் குளிசை ஏதும் போடுகிறாரா, இரவில் மீன்பிடிக்கப் போகிறாரா என்று என் மனம் ஒவ்வொன்றாகத் துருவியது.

"இரவில எங்க போறீங்க, ரசீன்?"

"எங்கயும் போகல்ல. வீட்டிலதான்."

"குளிசை ஏதும்?"

"என்னைக் கள்ளன் மாதிரி விசாரிக்காதீங்க அண்ணன். மெஷினே சரியெண்டு சொல்லிட்டுது. நான் ஏறப் போறன்."

"ஏலாது. ஹட்சில நிக்கிறவங்களையும் வீட்டில ஆக்கள் எதிர்பாத்துக்கொண்டிருக்கினம்."

வேறொருவரை ஏற்றினேன். கப்பல் பிந்தினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு மனேஜர் போனார். ரசீன் என் முகத்தையே பார்க்கவில்லை.

3. பஸ்மினாவின் கேள்வி

பின்னேரம் ஓர்ஸ் ஹில்லில் உள்ள என் வீட்டுக்கு வந்ததும் ஃபோன் அடித்தது. ரசீனின் மனைவி பஸ்மினா.

"அண்ணன், மறைக்காமச் சொல்லுங்க. இவருக்கு ஆரோடயும் தொடர்பு இருக்கா?"

"ஏன் தங்கச்சி இப்பிடிக் கேக்கிறீங்க?"

"ராவையில படுக்கிறாரே இல்ல. ஃபோனைத் தூக்கிக்கொண்டு வெளிய போறார். நான் கிட்டப் போனா மூடி வைக்கிறார். நான் ஆக்கிற சோறும் வேணாமாம். அப்ப எங்கயோ திண்டுட்டுத்தானே வாறார்?"

அவருடைய சந்தேகம் ஒரு பக்கம், என்னுடையது இன்னொரு பக்கம். ஆனால் சோறு என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். வேலையிடத்தில் செய்த மெடிக்கல் பரிசோதனைக்குப் பிறகுதான் என்றார்.

மறுநாள் கன்டீனில் ரசீனுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சோத்தை ஏன் விட்டீங்க?" என்றேன். அவர் ஃபோனை என் பக்கம் திருப்பினார். தொப்பையைக் கரைத்துத் தருவதாக ஒருவன் சிரித்துக்கொண்டு சொல்லும் வீடியோ.

"மெடிக்கலில சொன்னாங்க, இரத்தத்தில சீனி கூடி சீனி வருத்தம் வரப் பாக்குதாம், உடம்பு நிறையும் கூடவாம். அடுத்த மெடிக்கலிலயும் ஃபெயிலானா கிறேன் வேலை இல்ல. அதான் சோறு, பாண், பழம் எல்லாத்தையும் ஒரேயடியா விட்டன். முட்டையும் கீரையும்தான். பின்னேரத்துக்குப் பிறகு அதுவும் இல்ல. பசிச்சா கோப்பி. படுத்தா நெஞ்சு படபடக்குது, விடியத்தான் கண் சொருகுது. முதல்ல அப்பிடித்தான், உடம்பு பழகுமெண்டு இவன் சொல்றான்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா இறக்கிப் போடுவீங்க. இறக்கின ஆளைத் திரும்ப ஏத்தின கதை இந்த ஜெட்டியில இருக்கா அண்ணன்?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

4. கீழே நின்ற காலம்

டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். அங்கேயும் ரசீன் விடவில்லை. "நோன்பு பிடிச்சுக்கொண்டும் கிறேன் ஓட்டினனான். அப்ப ஒண்டும் நடக்கல்லயே."

"நோன்பில இரவில சாப்பிடுறீங்கள், விடிய முன்னம் சஹருக்கும் எழும்பிச் சாப்பிடுறீங்கள்" என்றார் டொக்டர் அம்மா. "இதில இரவும் பட்டினி. அதுக்கு மேல கோப்பி. பிறகு நித்திரை எங்கயிருந்து வரும்?"

மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம், இரவில் அளவாகச் சாப்பிட வேண்டும், சோற்றைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார். இரத்தம் சோதிக்க எழுதிக் கொடுத்தார். நித்திரை சரியாகும்வரை கிறேன் ஏறக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னார்.

மனேஜர் நம்பவில்லை. "சோறு திண்ணாட்டி நித்திரை போகுமா? கதை விடுறான். வேற ஆளைப் போட்டிடுவம்."

"நித்திரை சரியானதும் திரும்ப ஏத்துறனெண்டு இவருக்குச் சொல்லியிருக்கிறன். அதை மாத்த ஏலாது" என்றேன்.

ரசீன் என் பக்கத்தில் நின்று சிக்னல் வேலை பார்த்தார். வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. நான் சொன்னபடி திரும்ப ஏற்றமாட்டேன் என்றுதான் நினைத்தார் போலும். சில வாரங்களில் கண் தெளிந்தது. கிறேன் ஏறலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தார். அன்றே ஏற்றினேன். நிறை மெதுவாக இறங்கியது, அடுத்த மெடிக்கலும் சரிவந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை, ஜெட்டியில் கப்பல் கட்டியிருக்க, எல்லோருக்கும் முன்னால் ரசீன் என்னிடம் வந்தார்.

"அண்ணன், மகளுக்குக் காய்ச்சல். ராத்திரி கண் மூடல்ல. இண்டைக்கு என்னை ஏத்தாதீங்க."

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஆளை மாற்றினேன். மறுநாள் ரசீனே ஏறினார். அந்த வாரத்திலேயே இன்னொரு ஒப்பரேட்டர், முதுகுவலிக்குப் போட்ட குளிசை தலையைச் சுற்ற வைக்கிறது என்று தானாகவே வந்து சொன்னார்.

ஃபோர்மனாக வரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவி சரியென்று காட்டினாலும் ஆளின் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுங்கள். சந்தேகம் வந்தால் இறக்குங்கள். ஆனால் இறக்கியவரைத் திரும்பவும் ஏற்றுங்கள், மற்றவர்கள் பார்க்க ஏற்றுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஒருவர் தன் களைப்பை வாய் திறந்து சொல்வார்.