வக்கீலை வேனில் ஏற்றிய நாள்

வேன் ஜன்னலுக்கு உள்ளே, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், முழங்கால்கள் மேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தவரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கொல்லிமலை மேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரில் தூறல் விழத் தொடங்கியிருந்தது. வேன் கதவை இழுத்துச் சாத்தியது நான்தான்.

அவரை நாங்கள் வக்கீல் என்றே அழைப்போம். கோபி நீதிமன்றத்தில் வழக்கறிஞர். சிறு வயதிலேயே இரண்டு கண்களிலும் பார்வை போனவர். நான் பாலிடெக்னிக் ஆசிரியர். எங்கள் குழு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு நாள் சைக்கிள் பயணம் போகும்; சாமான்களோடு ஒரு வேனும் கூடவே வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்று இரவலாகக் கிடைக்க, முன்னால் நானும் பின்னால் அவருமாகக் கிளம்பினோம். பிரேக்கும் கியரும் என் கையில். பள்ளம், வேகத்தடை, வளைவு எல்லாவற்றையும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் வழியில் தெரிந்த வயல்களை வர்ணிக்க ஆரம்பித்தேன். "சார், ரோட்டை மட்டும் சொல்லுங்க. பேச்சு சுவாரசியத்துல மிதிக்கறதை விட்டுடறீங்க" என்றார். உண்மைதான்.

மூன்றாம் நாள் கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதைத் தாண்டும்போது என் தொடைகள் நடுங்கின. பின்னாலிருந்து வந்த அழுத்தம் மட்டும் குறையவே இல்லை. வளைவின் எண்ணை நான் சொல்லச் சொல்ல, பத்துக்கு ஒன்று என்று ஒரு பேரீச்சம்பழத்தை என் தோளுக்கு மேலாக நீட்டிக்கொண்டே வந்தார்.

சோளக்காட்டில் டீக்கடைக்கார அம்மா என்னைப் பார்த்து, "அவருக்குச் சக்கரை போடலாமுங்களா?" என்று கேட்டார். "அவருக்குப் பாதிச் சக்கரை போதுமுங்க" என்று வக்கீலே பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் தூறல் பிடித்தது. ஈரச் சாலையில் இரண்டு பேர் எடையோடு அத்தனை வளைவுகளிலும் இறங்குவதை நினைத்ததும் பயந்துபோனேன். ஏறும்போதே திருப்பத்துக்குத் திருப்பம் கீழே தெரிந்த ஆழத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் மற்றவர்களுக்கு எது நல்லது என்று தீர்மானித்தே பழகியவன் நான். "வேன் ரெடியா இருக்குதுங்க, வாங்க" என்று முழங்கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தேன்.

"மத்தவங்க?" என்றார்.

"அவங்க சைக்கிள்லயே வாராங்க."

அவர் கைகளை முழங்கால்கள் மேல் வைத்துக்கொண்டார். சைக்கிளை வேன் கூரையில் கட்டிவிட்டு நானும் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

அடிவாரத்துக்கு மற்றவர்கள் நனைந்து, உற்சாகமாக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வக்கீலின் தோளைத் தட்டி, "பரவால்லீங்க, பயம் எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றார். என் பக்கம் திரும்பி, "அவருக்காக நீங்களும் எறக்கத்தை விட்டுட்டீங்களே. பெரிய மனசு சார்" என்றார். நான் மறுக்கவில்லை.

அன்று பேளுக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் தங்கினோம். துவைத்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த என்னிடம் வக்கீல் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், பயந்தது யாருங்க?"

"நான்தானுங்க."

"தெரியுமுங்க. பயந்தது தப்பில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் பேசி வேன்ல ஏறியிருப்போம். இப்ப நான் பயந்தாங்கொள்ளி, நீங்க தியாகி." அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் எழுந்து நின்று, பயந்தது நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். சிலர் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். தோளைத் தட்டியவர் எழுந்துபோய் வக்கீலின் பக்கத்தில் உட்கார்ந்தார். வக்கீல் ரசத்துக்குக் குழி பறித்தபடியே, "நாளைக்குக் கொஞ்சம் லேட்டாக் கிளம்பலாமுங்களா? எங்களுக்கு ஒரு எறக்கம் மிச்சம் இருக்குது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் வேன் எங்களை மேலே கொண்டுபோய் விட்டது. சாலை காய்ந்திருந்தது. எழுபதாவது வளைவுக்கு முன்னால் சைக்கிளில் ஏறி, ஒரு காலை ஊன்றி நின்றோம்.

"பயமா இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க."

"எனக்குந்தான். போலாமுங்க."

மெதுவாகத்தான் இறங்கினோம். சக்கரம் சூடேறும் போதெல்லாம் நின்று, ஆறவைத்துப் புறப்பட்டோம். நாற்பதாவது வளைவில் பலாப்பழ லாரி ஒன்று பின்னாலிருந்து இறங்கி வந்தது. "லாரி, நிக்கறோம்" என்று கத்தினேன். இருவரும் ஒன்றாகக் காலை ஊன்றினோம். லாரி எங்களை உரசுவதுபோலக் கடந்து போனது. பழ வாசனை அடங்கும்வரை காலை ஊன்றியே நின்றோம். பிறகு அவர்தான் "ம்" என்றார்.

காரவள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மடங்கிப்போன என் விரல்கள் நிமிரவே இல்லை. வக்கீல் என் கையைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்தினார். நான்காவது விரலுக்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கையை வெச்சிக்கிட்டா நேத்து மழையில என்னைக் கூட்டியாந்திருப்பீங்க? வேன்ல ஏத்துனதே நல்லதாப் போச்சுங்க சார்."