நீலம் குறைந்த வெள்ளை

அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் வெள்ளை ஓஎல்ஈடி விளக்குகள் செய்கிறோம். அட்டைபோல மெல்லிய ஒளித்தகடுகள் அவை. நீலம் தரும் அடுக்கும் மஞ்சள் தரும் அடுக்கும் சேர்ந்து எரிந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். நீலம்தான் முதலில் தளரும். எவ்வளவு தளர்ந்தது என்று அளப்பது என் வேலை.

பிரசவத்துக்கு மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்குப் போனபோது, சோதனை முடிந்த பழைய தகடு ஒன்றை அனுமதி வாங்கி எடுத்துப் போனேன். கண் கூசாது, குழந்தைக்கு இதமாக இருக்கும் என்று நினைத்தேன். காற்று படக்கூடாதென்று அம்மா ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தாள். பகலிலும் அந்தத் தகடுதான் எரிந்தது.

குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தாள். நான் ஓயாமல் அவளைப் பார்த்தபடி இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், வீடு துடைக்க வந்த சைதாப்பேட்டை அக்கா ஜன்னலைத் திறந்தார்.

“இன்னாம்மா, புள்ள மஞ்சளா கீது?”

“இல்லக்கா, நல்லாத்தான் இருக்கா.”

“படிச்ச பொண்ணாச்சே நீ! இங்க வெளிச்சத்துக்குத் தூக்கிக்கினு வா.”

கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாக இருந்தது.

மஞ்சள் காமாலையில் தோலில் சேரும் பொருள் நீல ஒளியை விழுங்கும். அதனால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. அந்தப் பழைய தகட்டைப்போல விளக்கிலேயே நீலம் குறைந்துவிட்டால் அந்த மஞ்சள் தனியாகத் தெரியாது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. மருத்துவமனையில் குழந்தையின் கண்களைக் கட்டி, சிகிச்சைக்காக நீல விளக்குக்கு அடியில் கிடத்தினார்கள். “வீட்ல யாருமே கவனிக்கலையா?” என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். இப்போது மூன்று வயது.

போன வாரம் சிவப்பு அடுக்கும் சேர்த்துப் புதிய தகடு முடித்தோம். அதன் அடியில் என் கை, கையின் நிறத்திலேயே தெரிந்தது. “நிறம் காட்டுற நம்பர் சூப்பரா வந்திருக்கு. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க மேடம்” என்றார் சக ஆய்வாளர்.

“நீலம் பாதி போனப்புறம் எப்படிக் காட்டுதுன்னு பார்த்துட்டுப் போடறேன்.”

“அதுக்கு மாசக்கணக்கா ஆகுமே! உங்களுக்கு எதுலதான் திருப்தி?”

பொறுப்பா, வெறும் பயமா? எனக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

தினமும் காலையில் மகளை ஜன்னலோரம் நிறுத்தி, மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்து, தோலில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்கிறேன். அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது, தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் நான் கூப்பிடாமலே வந்து முகத்தைத் தூக்கிக் காட்டுகிறாள்.

“இன்னிக்கு நான் ஓகேவாம்மா?”

“ஓகேடா” என்கிறேன். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்.