கிளாசில் கிடந்த பல்செட்டு

பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, அம்மா தன்னைப் போட்டோ எடுக்க யாரையும் விடவில்லை. மலேசியாவில், ஜொகூர் பாருவில் இருந்த அண்ணன் வீட்டுப் பின்னறையில் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன். மதியம் அவர் தூங்கும்போது கெட்டியான வரைதாளில் வாட்டர் கலரால் ஏதாவது வரைவேன். ஒருநாள் கண்விழித்துப் பார்த்துவிட்டார்.

“என் மூஞ்சிய வரைஞ்சே, கைய ஒடைச்சிருவேன்” என்றார் குழறலாக.

அதனால் கட்டிலருகே இருந்த சாமான்களை வரைந்தேன். முடி சிக்கிய சீப்பு, தைலப் பாட்டில், கஞ்சி குடிக்கும் கோப்பை. பிறகு கிளாசுத் தண்ணீரில் கிடந்த பல்செட்டு. அதைக் காட்டியபோது அம்மா வெகுநேரம் பார்த்தார்.

“ஒன்னயப் பொண்ணு பாக்க வந்துட்டுத் திரும்பியே வரலயே ஒருத்தன், அவன் சிரிச்ச மாதிரியே இருக்கு.”

என் படங்களைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

அம்மாவை எரித்துவிட்டு வந்த அன்றே, வழக்கப்படி மெத்தை, சீப்பு, கோப்பை, பல்செட்டு எல்லாவற்றையும் அண்ணி கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார். படங்கள் என் துணிகளுக்கு அடியில் இருந்தன. அவையாவது இருக்கின்றனவே என்று நினைத்தேன்.

கருமாதி அன்று வடை சுட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஒற்றும் டிஷ்யூ தீர்ந்துவிட்டது. தாள் தேடிப் பின்னறைக்குப் போன அண்ணி, என் படங்களோடு வந்தார்.

“அண்ணி, அது அம்மாவோடது” என்றேன். கூடம் முழுக்க உறவுக்காரர்கள்.

அண்ணி ஒவ்வொன்றாகப் புரட்டினார். “அத்தை எங்க இருக்காங்க இதுல? சீப்புதான் இருக்கு. மூஞ்சிய வரைஞ்சிருந்தா பிரேம் போட்டு மாட்டியிருப்பேன் லா!”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் வரைய விடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேர் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வராது.

தட்டில் படங்களை விரித்து வடைகளைக் கொட்டினார். “நல்ல தாளு. எண்ணெய நல்லா இழுக்குது.”

தட்டை என் கையிலேயே கொடுத்தார். ஆளாளுக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணன் ஒரு வடையை எடுத்தார். அடியில் பல்செட்டு தெரிந்தது.

“பாத்து எடுங்கப்பா, அம்மா கடிச்சிரப் போறாங்க!” என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எல்லாரும் போனபின் குப்பைத் தொட்டியில் படங்களைத் தேடினேன். மற்றவை குழம்பில் ஊறிக் கிழிந்திருந்தன. பல்செட்டுத் தாளை மட்டும் எடுத்துப் பின்வாசல் சிமெண்டில், காற்றில் பறக்காமல் கல் வைத்துக் காயப் போட்டேன். சாயம் கலையவில்லை. ஆனால் எண்ணெய் ஊறி, தாள் வழியே தரை தெரிந்தது. சாயங்காலம் எறும்பு மொய்த்தது. உதறினேன். மறுபடியும் வந்து பல் மேலேயே ஊர்ந்தன.

அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அத உள்ள கொண்டாராத. வீடு முழுக்க எறும்பு வந்துரும்.”

“சரி அண்ணி” என்றேன். கல்லை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.