காதில் இரண்டு வெட்டு

எழுத்துக் கற்றால் குழந்தைக்கு மூளை வளரும் என்கிறார்கள். வளரட்டும். அது வளர்கிற இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் தலைக்குள் ஆடுகள் இருந்தன.

ஏழு வயதில் எங்கள் ஆடு, எங்கள் நிலத்தை ஒட்டிய பக்கத்துக் காட்டுக்காரர் ஆடு அத்தனையையும் முகம் பார்த்தே சொல்வேன். அதற்கென்று மெனக்கெட்டதில்லை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும் என்றே தோன்றியதில்லை. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நாமக்கல் பக்கம் எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடம் வந்தது. பெண் பிள்ளைகளில் நான் ஒருத்திதான் போனேன். இரண்டே வருஷத்தில் உப்பு மூட்டை, தீப்பெட்டி என்று எழுத்து இருந்த எதையும் படிக்காமல் விட்டுவைக்கவில்லை. வாசிக்காமல் சும்மா பார்ப்பது கண்ணுக்கு மறந்தே போயிற்று. தலைக்கனம் வேறு.

மூன்றாம் வருஷம் மழை இல்லை. ஊர் ஆடுகளையெல்லாம் ஒரே மந்தையாகக் கொல்லிமலை அடிவாரத்துக்கு மேய ஓட்டினார்கள். அடையாளத்துக்கு எங்கள் ஆட்டுக்கு இடது காதில் ஒரு வெட்டு, பக்கத்துக் காட்டுக்காரர் ஆட்டுக்கு இரண்டு. எங்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சினையாடு. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தையான தம்பிக்கு அந்த ஆடு ஈன்றால்தான் பால்.

போகும்போது நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த கருப்புச் சினையாடு மந்தையில் இரண்டு இருந்தன, எங்களது ஒன்று, அவர்களது ஒன்று. இரண்டு மாதம் கழித்து ஒன்றுதான் திரும்பியது. மற்றது அங்கேயே செத்துவிட்டதாம். வந்தது தன்னுடையதுதான் என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். ஊர் கூடிவிட்டது.

"இது எங்களுதுங்க. மூஞ்சியப் பாத்தாத் தெரியலீங்களா? அவுத்து உடுங்க, அதுவே ஊட்டுக்குப் போயிரும்" என்றாள் அம்மா.

ஊர்ப் பெரியவர் சிரித்தார். "ஆட்டுகிட்டயா கேக்கறது? படிச்ச புள்ள நிக்குதல்ல. நீ சொல்லு சாமி."

நான் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. காதைத்தான் திருப்பினேன். இரண்டு வெட்டு. ஒன்றுதான் கத்தி வெட்டியதோ, மற்றது முள் கிழித்ததோ என்றுகூட யோசிக்கவில்லை. பலகையில் எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தேன்.

"ரெண்டு வெட்டு இருக்குதுங்க. அவங்களுதுங்க."

படித்த பிள்ளை பொய் சொல்லாது என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில், அதைப் பழையபடி கட்டுகிற முளைக்குச்சிக்குப் பக்கத்தில் நின்றது. அவர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஊர் முன்னால் நானே சொன்னபிறகு யார் தடுப்பது? அம்மா தம்பிக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் துப்பினான்.

"அதுக்கு ஊடு தெரிஞ்சிருக்குது" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "அது பள்ளிக்கூடம் போவலயே."