எட்டாவது இடம்

லிகாயா தன் சொந்த ஊரில் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னபோது கேதீஸ்வரன் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில் அவள் விளையாட்டுக்கு எதையும் சொன்னதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஆக்லாந்துக்கு வந்தவர். மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவள் பிலிப்பைன்ஸின் விசாயத் தீவுகளில் ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து தாதியாக வந்தவள். ஹில்ஸ்பரோவில் வீடு, அதற்கு மோர்ட்கேஜ், வெலிங்டனில் படிக்கும் ஒரே மகள் பிரணவி. கணவன் மனைவிக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். ஆனால் அவள் சொன்னதெல்லாம் கேதீஸ்வரனின் மனதில் தமிழாகத்தான் தங்கும். அவளும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட, 'ஆம்' என்பதற்கான "ஓம்" என்ற சொல்லை எங்கும் விடுவதில்லை.

அவளுடைய ஊரை முப்பது வருடமாக ஒரே குடும்பம் ஆண்டுவந்தது. தகப்பன் மூன்று தவணை மேயர். சட்டம் அதற்கு மேல் விடாது என்றதும் மனைவி மேயர். அவருக்குப் பிறகு மகன். மருமகள் துணை மேயர். ஊரில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "மேலே இருக்கிறவர்கள்" என்பார்கள். நகரசபையின் ஒரே ஆம்புலன்ஸில் அந்த மகனின் சிரித்த முகம் ஆளுயரத்துக்கு வரையப்பட்டிருந்தது.

லிகாயாவின் தம்பி, கிராமத் தேர்தலில் வேறொருவருக்காக வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவன். அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வருகிறது, வருகிறது என்று நான்கு தடவை சொன்னார்கள். வரவில்லை. செத்தவீட்டுக்குப் போய்வந்த லிகாயா இரண்டு மாதம் அதிகம் பேசவில்லை. பிறகுதான் அந்தச் சோற்றுப் பானை நேரத்தில் வாயைத் திறந்தாள்.

நிற்பதென்றால் ஒரு வருடமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். நியூசிலாந்துக் குடியுரிமையையும் துறக்க வேண்டும். கேதீஸ்வரனை உலுக்கியது அந்த இரண்டாவதுதான். அவருடைய வாழ்க்கையில், இனி யாரும் துரத்திவிட முடியாது என்று சொன்ன முதல் கடதாசி அந்தக் குடியுரிமைப் பத்திரம்தான்.

"இங்கேயிருந்தே உங்கட நாட்டுக்கு வோட் போடலாம்தானே?" என்று கேட்டார்.

"போடலாம். ஜனாதிபதிக்கும் செனட்டருக்கும். என்ர தம்பிக்கு வண்டி அனுப்பாத ஆளுக்கு எதிரா வெளிநாட்டிலயிருந்து போட ஏலாது. அவங்களுக்கு அது நல்லாத் தெரியும்."

இரண்டாயிரத்து இருபத்துநான்கு ஏப்ரலில் அவளை விமானம் ஏற்றிவிட்டு, அதே தெருவில் இருந்த வேலைக்கு நேரே போனார்.

கொட்டகையில் கூட வேலைசெய்யும் யாழ்ப்பாணத்து இராசநாயகம் அண்ணைக்கு இது பிடிபடவேயில்லை. "உன்ர மனுசி சமஷ்டிக்கும் எதிராமே?" என்றார் ஒருநாள் தேநீர் இடைவேளையில். "எங்கட சனம் அதுக்காக எவ்வளவு இழந்தது. நீ அதைக் கேட்டுக்கொண்டு இருந்தனியோ?"

கேட்டுக்கொண்டு இருக்கவில்லை, சண்டையே பிடித்தவர். சில வருடங்களுக்கு முன் பிலிப்பைன்ஸை, மாகாணங்களுக்கு அதிகாரம் பிரித்துக்கொடுக்கும் சமஷ்டி நாடாக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது கேதீஸ்வரன் துள்ளினார். அதிகாரம் தலைநகரிலிருந்து இறங்கி வருவதை விட நல்லது வேறென்ன? லிகாயா துணி மடித்தபடியே சொன்னாள்: "உங்கட ஊரில அதிகாரம் தூரத்தில இருந்ததுதான் பிரச்சினை. எங்கட ஊரில அது நாலு வீடு தள்ளி இருக்கு, கேதீஸ். இன்னும் கிட்ட வந்தா எங்களுக்கு மூச்சு விட ஏலாது. முதல்ல அந்த வீட்டுக் கதவு திறக்கட்டும். பிறகு சமஷ்டியைப் பாப்பம்." அன்று அவர் கோபித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் கோபத்துக்குக்கூட வீட்டில் ஆள் இல்லை.

தனியாக இருப்பது அவருக்குப் புதிதல்ல. வந்த புதிதில் ஐந்து வருடம் தனியாகத்தான் இருந்தார். ஆனால் அப்போது யாரும் அவரைப் பிரிந்து போயிருக்கவில்லை. இப்போது கட்டிலின் இடதுபக்கப் போர்வை கலையாமல் கிடந்தது. சனிக்கிழமைகளில் ஒடாஹுஹு கடைக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் லிகாயாவுக்குப் பிடித்த மரவள்ளிக் கிழங்கை எடுப்பார், பிறகு திரும்ப வைப்பார். பிரணவி ஞாயிறில் அழைப்பாள். "You should be proud of her, Appa," என்பாள். "ஓம் பிள்ளை," என்பார். அதற்கு மேல் கதை ஓடாது.

லிகாயாவின் அழைப்புகள் குறைந்தன. வரும்போதெல்லாம் பின்னால் ஆட்களின் சத்தம். ஏழு கிராமங்களின் பெண்கள் சேர்ந்து, தங்கள் கணவர்மார் ஓட்டும் மூன்றுசக்கர வண்டிகளை நோயாளிகளுக்காக முறைவைத்து ஓட விட்டிருந்தார்கள். யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்காமல், கூப்பிட்ட வரிசைப்படி வண்டி போகும். அவளிடம் பதவியும் இல்லை, கொடுக்கப் பணமும் இல்லை. அந்த வண்டி முறைதான் அவளுடைய பிரசாரம். ஒரு கிழமையில் இரண்டு வண்டிகளின் சில்லு டயர்கள் கத்தியால் வெட்டப்பட்டன. பெண்கள் புதிய சில்லு போட்டு ஓட விட்டார்கள்.

நகரசபைக்கு எட்டு உறுப்பினர்கள். அடுத்த மே மாதத் தேர்தலில், அதிக வாக்கு எடுத்த எட்டுப் பேருக்குள் அவள் வந்தால் போதும். வராவிட்டால், குடியுரிமை போனாலும் அவருடைய மனைவி என்ற விசாவில் ஆக்லாந்துக்குத் திரும்பிவிடுவாள். முடிவு வரும் காலையில் கேதீஸ்வரன் கொட்டகைச் சாப்பாட்டு அறையில் தொலைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒன்பதாவது, ஒன்பதாவதாக வரட்டும் என்று மனம் முணுமுணுத்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார். அவளுடைய தம்பியின் முகம் நினைவில் வந்தபோதும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை.

எட்டாவது இடம். இருநூற்றுப் பன்னிரண்டு வாக்குகளால்.

அவர் ஃபோர்க்லிஃப்டில் ஏறி, பத்துப் பன்னிரண்டு தட்டுச் சரக்கை இறக்கி அடுக்கினார். வேலை முடிய மூன்று மணித்தியாலம் இருந்தது. அதன் பிறகுதான் வாழ்த்து அனுப்பினார். மூன்று வருடத் தவணை.

டிசம்பர் லீவில் அங்கே போனார். காலை ஆறு மணிக்கே அவளுடைய அம்மாவின் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். லிகாயா மெலிந்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு வந்தவர்களிடம் திரும்பினாள். மூன்று கிழமையில் அவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது ஐந்து தடவை.

ஒருநாள் சபைக்கு அழைத்துப் போனாள். ஆம்புலன்ஸில் யாருடைய முகமும் இருக்கக் கூடாது, அழைத்த வரிசைப்படிதான் அது போக வேண்டும் என்ற தீர்மானத்தை இரண்டாவது தடவையாகக் கொண்டுவந்தாள். முதல் தடவை உயர்ந்தது அவளுடைய கை மட்டும். இம்முறை ஒரு வயதான உறுப்பினரும், மேயருக்கு வேண்டியவன் என்று எல்லோரும் நினைத்த ஓர் ஆசிரியரும் கை உயர்த்தினார்கள். மூன்று கைகள். தீர்மானம் தோற்றது. பொதுமக்கள் வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் வென்றதுபோல ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். கேதீஸ்வரனுக்கு மொழி புரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்று கைதட்டினார்.

புறப்படும் நாளில் அவர் அதைச் சொல்லிவிட்டார். "நீர் தோற்கவேணுமெண்டு நான் நினைச்சனான்."

"தெரியும். வாழ்த்துச் சொல்ல மூண்டு மணித்தியாலம் எடுத்தீங்கள்."

"கோபமில்லையோ?"

"இருந்தது." அவள் அவருடைய பையின் பட்டியைச் சரிசெய்தாள். "இந்த ஊரில என்னைத் தோற்கடிக்க நினைச்ச ஆக்கள் எத்தனையோ பேர். என்னோட இருக்கவேணுமெண்டு நினைச்சது நீங்கள் ஒராள்தான்."

இங்கேயே இருந்துவிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒரு நாட்டில் வாழ்க்கையைத் தொடங்க அவரால் ஏலாது என்பதும் அவளுக்குத் தெரியும். வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் காத்திருந்தாள். லிகாயா அவளிடம் போனாள்.

திங்கட்கிழமை கொட்டகையில் இராசநாயகம் அண்ணை கேட்டார்: "எப்ப வாறா மனுசி?"

"இந்த முறை மூண்டு பேர் கை தூக்கினவை, அண்ணை," என்றார் கேதீஸ்வரன்.

அண்ணை கையுறையை மாட்டிக்கொண்டு தன் வண்டிக்குப் போனார்.