பிஆர்பியும் ஆறு நாள் விரதமும்

கடந்த ஞாயிறு காலை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். குளியலறைப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

“அம்மா! ஓடி வாங்கோ! கெதியா!”

பாம்பு என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் தொடங்கினால் எங்கள் கோப்பாய் வீட்டுக் கிணற்றடியில் அது ஒன்றும் அதிசயமில்லை. மூலையில் கிடந்த தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பாம்பு இல்லை. என் மகள் ஆரணி கண்ணாடிக்கு முன்னால் தலையைக் குனிந்தபடி நின்றாள். ஒரு கையில் போன் வெளிச்சம். மற்றக் கை உச்சியைப் பிரித்துப் பிடித்திருந்தது.

“இஞ்சை பாருங்கோ. வடிவாப் பாருங்கோ.”

பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். உச்சி பிரித்த கோட்டின் இரண்டு பக்கமும்... செம்மண்ணில் வெங்காயம் முளைவிட்டது போல... குட்டிக் குட்டியாக, நிமிர்ந்து, கறுப்பாக!

நான் போட்ட கூச்சலில், நீர்வேலி வாழைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட என் கணவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“என்ன? ஆருக்கு என்ன?”

“முடி!”

“என்ன முடி?”

“முளைச்சிருக்கு!”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கு ஏனப்பா தும்புத்தடி?”

எங்கள் வீட்டுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். நினையுங்கள்! ஆனால் இந்த வருடம் நாங்கள் பட்டதைக் கேட்டால், நீங்களும் தும்புத்தடியோடு ஒரு சுற்று ஆடுவீர்கள்.

ஆரணி விஞ்ஞான ரீச்சர். நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தாள். அது கிடைத்த நன்றிக்குப் போன ஐப்பசியில் கந்தசஷ்டி விரதத்தைக் கடுமையாகப் பிடித்தாள் — ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

தை மாதம் முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், குளியலறைத் தரையில். முதலில் செவ்வரத்தம்பூ. பிறகு வெந்தயம். பிறகு வெங்காயச் சாறு. வீடே சுன்னாகம் சந்தை மாதிரி மணத்தது. முடி மட்டும் நிற்கவில்லை. உச்சிக் கோடு அகலமாகிக்கொண்டே போனது.

ஆணுக்கு முடி கொட்டினால் அது வயது. பெண்ணுக்குக் கொட்டினால் அது விசாரணை! “என்ன பிள்ளை, யோசினையோ?” “நித்திரை கொள்ளுறேல்லையோ?” “ஷாம்பு மாத்தினனீயோ?” கோயிலில், பஸ்ஸில், கல்யாண வீட்டில்... கேள்வி கேட்காத வாய் இல்லை.

ஆனால் அவளை உடைத்தது ஊர்வாய் அல்ல. வகுப்பில் ஒரு சின்னப் பெண், மிகுந்த அன்போடு கேட்டிருக்கிறாள்: “ரீச்சர், உங்கடை தலையில என்ன, காயமோ?”

அன்றிலிருந்து ஆரணி கரும்பலகைக்கு நேராகத் திரும்புவதை விட்டுவிட்டாள். வகுப்பைப் பார்த்தபடி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து எழுதுவாளாம். எழுத்தெல்லாம் மலையேறும். பிறகு எழுதுவதையே நிறுத்தினாள். வாயால் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள்.

“பலகைக்குத் திரும்பினால் முப்பது பிள்ளையளின்ரை கண்ணும் என்ரை உச்சியிலதான் அம்மா.”

ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். “கந்தோரில ஒரு வெற்றிடம் இருக்காம். மேசை வேலை. கேட்டுப் பார்க்கப்போறன்.”

எந்த வகுப்பறைக்காகத் தவமிருந்தாளோ அதை விட்டு ஓடப் பார்க்கிறாள்... ஒரு கோடு அகலமானதற்காக!

அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து என் தங்கை வதனி வீடியோவில் வந்தாள். அவளுக்குக் கனடா போனதிலிருந்து தெரியாத விஷயமே இல்லை.

“அக்கா, நீங்கள் இன்னும் செவ்வரத்தம்பூவோட நிக்கிறியள். உலகம் எங்கையோ போட்டுது! பிஆர்பி செய்யுங்கோ, பிஆர்பி! நான் செய்தனான். இஞ்சை பாருங்கோ...” தலையைத் திரையில் ஒட்டினாள். எனக்கு ஒரு கறுப்பு மறைப்புத்தான் தெரிந்தது.

பிஆர்பி என்றால் என்ன? கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். ஒரு மெஷினில் போட்டுச் சுற்றுவார்கள். சிவப்பு அடியில் தங்க, மேலே மஞ்சளாக நிற்கும் பகுதியில் பிளேட்லெட் செறிந்திருக்கும். அதை எடுத்து ஊசியால் உச்சந்தலையில் ஏற்றுவார்கள். தூங்கும் முடிவேரை அது தட்டி எழுப்பும் என்பது நம்பிக்கை.

“குருதிச் சிறுதட்டு, அம்மா,” என்றாள் ஆரணி. “பிள்ளையளுக்கு நான் படிப்பிக்கிறதுதான்.” பல வாரங்களுக்குப் பிறகு அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். எனக்கு அது போதும். யாழ்ப்பாண நகரில் ஒரு கிளினிக். ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரம் எடுத்தோம்.

நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரும்படி கிளினிக்கில் இருந்து போனில் சொன்னார்கள். நான் விட்டேனா?

“அம்மா, அவை சாப்பிட்டு வரச் சொன்னவை.”

“அவை சொல்லுவினம். இரத்தம் எடுக்கிறதெண்டால் வெறுவயிறுதான்.”

நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊரில் இரத்தம் என்றாலே வெறுவயிறுதானே? விடிய ஆறரைக்கே லாப் வாசலில் வரிசை. கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பணிஸ் பைக்கற்றைப் பிரிக்கும் சனம். வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சி. போதாததற்கு அன்று அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதம் வேறு.

டொக்டர் ஒரு இளம் பெண். எங்கள் பிள்ளை மாதிரித்தான் இருந்தார். “இரத்த டெஸ்டுகள் ஏதும் செய்தனீங்களோ?” என்று ஆரணியைக் கேட்டார். அவள் வாய் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டேன்.

“எல்லாம் செய்தது டொக்டர். எல்லாம் நோர்மல்.”

எல்லாம் என்றால்? சீனியும் கொலஸ்ட்ரோலும்! ஐம்பதைத் தாண்டிய எனக்கு உலகத்தில் வேறு டெஸ்ட் ஏது தெரியும்?

ஊசி ஏறியது. குழாய் நிறையத் தொடங்கியது. அடுத்த குழாயை மாட்டும்போது ஆரணி என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா... கண் இருட்டுது...”

அப்படியே என் தோளில் சரிந்தாள். உதடு வெளிறி, கை குளிர்ந்து, கழுத்து ஒரு பக்கம் தொங்கி... மாதங்கள் போய்விட்டன. ஆனால் இன்றைக்கும் அவள் “அம்மா...” என்று மெல்லக் கூப்பிட்டால் என் நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் ஓடுகிறது.

அந்த நேரத்தில் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் என்ன செய்வாள்? நேர்த்தி வைப்பாள்! நானும் கிளினிக் அதிரக் கத்தினேன்.

“முருகா, என்ரை பிள்ளை கண்ணைத் திறக்கட்டும்! இந்த முறையும் ஆறு நாள் மிளகும் தண்ணியும்தான்!”

காலைத் தூக்கிப் பிடித்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் போக, இனிப்பாக ஒரு தேத்தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். டொக்டர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்ரி, ‘இந்த முறையும்’ எண்டால்? போனமுறையும் தண்ணியோடயோ பிடிச்சவ?”

“ஓம் டொக்டர். கந்தசஷ்டி. போன ஐப்பசியில.” அந்த நிலையிலும் குரலில் பெருமை.

“முடி எப்ப கொட்டத் தொடங்கினது?”

“தையில.”

அவர் விரல் மடித்தார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. “உடம்பு பட்டினி கிடந்தால் முடி அண்டைக்கே கொட்டாது அன்ரி. ரெண்டு மூண்டு மாதம் கழிச்சுத்தான் கொட்டும். பெரிய காய்ச்சல், பிள்ளைப்பேறு... அதுகளுக்கும் இப்பிடித்தான். அதுக்குள்ள எல்லாரும் காரணத்தை மறந்திடுவினம்.”

எனக்குச் சுருக்கென்றது. “அது விரதம் டொக்டர். பட்டினி இல்லை.”

அவர் சிரித்தார். “வித்தியாசம் முருகனுக்குத் தெரியும் அன்ரி. முடிக்குத் தெரியாது.”



இன்றைக்குப் பிஆர்பி இல்லை என்றும் சொல்லிவிட்டார். இரத்தம் எடுத்தாகிவிட்டதே என்று நான் பதறினேன். அந்த இரத்தம் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்க லாப்புக்குப் போனது. தைரொயிட்டில் பிழை இல்லை. இரும்புச் சேமிப்பு? கோடையில் எங்கள் கிணறு மாதிரி... அடியில் கொஞ்சம்.

“குருதிச்சோகை பாடம் படிப்பிக்கிற ஆள் நான்!” என்று ஆரணி தலையில் கை வைத்தாள். “களைப்பு, மூச்சு வாங்குதல், முடி உதிர்தல் எண்டு அறிகுறியெல்லாம் பலகையில எழுதிப் போட்டனான் அம்மா!”

கதையைக் கேட்ட என் கணவர், சைக்கிளைத் துடைத்தபடியே சொன்னார்: “இறைக்காத தோட்டத்துக்குப் பசளை கொட்டப் போயிருக்கிறியள்.”

இரும்புக் குளிசை தொடங்கியது. அதைத் தேத்தண்ணீரோடு விழுங்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தேசிக்காய்த் தண்ணீர் நல்லதாம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் ஊற்றுகிற எங்கள் வீட்டில் அது ஒரு புரட்சி. சில மாதங்களில் கொட்டுவது குறைந்தது. ஆனால் உச்சிக் கோடு மட்டும் அப்படியே கிடந்தது.

டொக்டர் பெரிதாகக் காட்டும் கண்ணாடியால் பார்த்தார். உச்சி முடிகள் மெலிந்து நூலாகின்றனவாம். “இது வேற. பரம்பரை. தாய்வழியாவும் வரும், தகப்பன்வழியாவும் வரும்.” மூவரும் ஒரே நேரத்தில் என் தலையைப் பார்த்தோம். நான் கையால் பார்த்தேன்.

இரவில் தடவ ஒரு மருந்து. அதோடு மாதம் ஒருமுறை என்று மூன்று தடவை பிஆர்பி. “சிலருக்கு நல்லா வரும். சிலருக்குக் கொஞ்சம். சிலருக்கு ஒண்டுமே வராது. வந்தாலும் மருந்தை விடேலாது, இடைக்கிடை திரும்பச் செய்யவேண்டியும் வரும். உறுதி தரமாட்டன். உறுதி தாறவையிட்டைப் போகாதேங்கோ,” என்றார்.

இந்தமுறை நான் வெறுவயிற்றோடு விடவில்லை. புட்டு, முட்டைப்பொரியல், இரண்டு வாழைப்பழம். “சாப்பிட்டனீங்களோ?” என்று தாதி கேட்டபோது ஆரணி சொன்னாள்: “இனிமேல் ஊசிக்குத்தான் மிஸ் இடமிருக்கு.”

வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரக்க வைக்கும் கிறீம் பூசியும், தலையில் முசுறு எறும்பு ஏறிய மாதிரி இருந்ததாம். அவள் பிடித்த பிடியில் என் காப்பு கையில் பதிந்தது. எனக்கு அவள் உதடு வெளிறுகிறதா என்பதில்தான் கண். வெளிறவில்லை!

முதல் தடவைக்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்குப் பிறகும் ஒன்றுமில்லை. வதனி தினமும் போன் எடுப்பாள். “வந்திட்டுதோ?” ஏதோ கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் விருந்தாளி மாதிரி.

வந்தது. மூன்றாவதும் முடிந்து, கடந்த ஞாயிறு வந்தது!

வந்ததும் என்ன? பங்குபோடுகிற சண்டை. “நான் சொன்ன பிஆர்பி!” என்றாள் வதனி. “இரும்பும் நான் ஆய்ஞ்சு குடுத்த முருங்கையிலையும்,” என்றார் என் கணவர். “முருகன்,” என்றேன் நான்.

“முளைச்சது என்ரை தலையில. நீங்கள் ஏன் சண்டை பிடிக்கிறியள்?” என்று ஆரணி போனை நிறுத்தினாள்.

டொக்டரிடமே கேட்டேன். “பிரிச்சுச் சொல்லேலாது அன்ரி. எல்லாம் சேர்ந்துதான்,” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

ஆகவே, பெண்களின் முடி மெலிவுக்குப் பிஆர்பி பிரயோசனமா என்று கேட்கும் தோழிகளே... மந்திரமில்லை, மோசடியுமில்லை. சிலருக்கு உதவும் ஒரு வழி. ஆனால் முதல் படி அதுவல்ல. ஏன் கொட்டுகிறது என்று தெரியாமல் எதை ஊற்றினாலும் வீண். சீனியும் கொலஸ்ட்ரோலும் மட்டும் டெஸ்ட் இல்லை. தயவுசெய்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்!

நேற்று ஆரணி பாடசாலையால் வந்தாள். சேலைத் தோளில், கையில், மூக்கில்கூடச் சோக்குத் தூள்.

“இண்டைக்குக் குருதிச் சுற்றோட்டம் முழுப்படமும் கீறினனான் அம்மா.”

“பலகைக்குத் திரும்பியோ?”

“பின்னை? முதுகால கீறேலுமோ?”

“அப்ப அந்தக் கந்தோர் வேலை?”

“ஆருக்கு வேணும் அது!” என்றபடி கிணற்றடிக்குப் போனாள். அவள் பாட்டொன்றை முணுமுணுப்பது கேட்டது. நான் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகைதான்.

அப்போதுதான் என் கணவர் கலண்டரைப் பார்த்துவிட்டு மெல்ல இழுத்தார். “இஞ்சேரும்... கந்தசஷ்டி வருது. நீர் கிளினிக்கில பெரிய நேர்த்தியெல்லே வைச்சனீர்? டொக்டர் பிள்ளையைப் பிடிக்க விடமாட்டா. முருகனுக்கு என்ன சொல்லப்போறீர்?”

நன்றாக யோசித்துப் பார்த்தேன். மிளகும் தண்ணீரும் என்று சொன்னேன். ஆறு நாள் என்று சொன்னேன். யார் பிடிப்பது என்று நான் சொல்லவே இல்லை!

நேர்ந்தவள் நான், பிடிக்கப்போகிறவளும் நான் — உதிர்வதற்கு என் தலையில்தான் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லையே.